வெளியே வைக்கிற மோடம்

என் சிநேகிதனின் பெரியம்மா மகளுக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

இரவு ஒன்பதரை மணி. ஷட்டரெல்லாம் இறங்கிய தெரு. கம்ப்யூட்டர் கடையிலிருந்து அக்கா தனியாக விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள். கையில் புது மோடம், போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொண்டுவருகிற பெட்டி.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரவு, மகளிடம் ஒரு வார்த்தை பேசணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நர்ஸும் விடாமல் போன் போட்டாளாம். விடியும்வரை எங்கேஜ்டு. போன் கெட்டுக் கிடந்தது என்று சாதித்தான் புருஷன். அக்காவும் நம்பித் தொலைத்தாள்.

வெளியூரில் படிக்கிற மகளின் ஈமெயில் இறங்க மாட்டேன் என்கிறதே, பழைய கம்ப்யூட்டருக்கு எந்த மோடம் சரிப்படும் என்று கேட்கத்தான் இன்று கடைக்குப் போனாள். கடைக்காரர் விஷயம் தெரியாமல் கொட்டிவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேம்மா. உள்ள சொருகுற மலிவு மோடம் தன் வேலையையும் சேர்த்து கம்ப்யூட்டர் தலையில கட்டும். பழைய மெஷின் தாங்காது. உறைஞ்சு நின்னுடும், லைனையும் விடாது. வெளிய வைக்கிறது வாங்குங்க, தனி சுவிட்ச் இருக்குன்னேன். கேட்டாத்தானே? அப்புறம் ஒருநாள் வந்து, ராத்திரி பூரா லைனைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு, மாமியார் செத்த தகவல்கூட வரலைன்னு என்னையே ஏசிட்டுப் போறார்."

ஆக, தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே போன்மேல் பழியைப் போட்டிருக்கிறான். மனுஷனா அவன்?

வீட்டில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பி நாலு கேள்வி கேட்கலாம்... மழுப்புவான். அந்த மழுப்பலைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. பழைய மோடத்தைக் கழற்றிக் குப்பையில் எறிந்தாள். புதியதைக் கம்ப்யூட்டரின் பின்னால் மாட்டினாள். அதைப் போன் லைனோடு இணைக்கிற ஒயரை மட்டும் சொருகவில்லை. இனி ராத்திரியில் எவனும் லைனைத் தொடக் கூடாது என்று, அந்த ஒயரைச் சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். விளக்கை அணைத்தாள்.

டிக்.

மோடத்தில் ஒரு சிவப்பு விளக்கு... பக்கத்தில் இன்னொன்று. சுவிட்சைத் தடவிப் பார்த்தாள். அது அணைத்தபடிதான் இருந்தது.

கீ...ங்... கர்ர்ர்...

சட்டென்று நின்றது. அறையெல்லாம் பினாயில் வாடை. ஆஸ்பத்திரி வாடை. பிறகு இருமல்... வறட்டு இருமல். பெற்றவளின் இருமல் மகளுக்குத் தெரியாதா?

"அம்மா..."

கேட்காமல் போன அந்த ஒரு வார்த்தைக்காக மோடத்தோடு காதை ஒட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. அந்தக் குரலில் அப்படியொரு ஆத்திரம்.

"மாப்பிள்ளை இருக்காரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை. உள்ளே போய் அவன் தோளைத் தட்டினாள்.

"எந்திரிங்க. உங்களுக்குத்தான் போன்."

அவன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போனான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

விடிந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி காலி. வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி. அவன் செருப்பு வாசலில். பீரோ பூட்டியபடி. வேர்த்துப்போய், யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள்.

டயல்டோன் இல்லை... எங்கேயோ தூரத்தில் அந்த இருமல். நடுநடுவே, நிற்காமல், அவன் மழுப்புகிற குரல்.

அக்கா சத்தமில்லாமல் ரிசீவரை வைத்தாள்.

அக்கா வீட்டு நம்பர் இன்னும் எங்கேஜ்டு.