ஹெலன் ஏறும் நிறுத்தம்

சிப்காட் வெயிலிலும் சிரித்த முகம் மாறாமல் தலைமை ஏற்றிருக்கும் கெங்கம்மாள் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் வண்டிப் பொறுப்பாளர்களே! காலை ஷிப்டு முடித்து, களைத்த கால்களோடும் களைக்காத நெஞ்சோடும் வந்திருக்கும் தாய்மார்களே! எளாவூரும் ஆரணியும் கவரைப்பேட்டையும் தந்த தோழர்களே! என்னைக் கேள்வி கேட்பதற்கென்றே முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மோசஸ் அண்ணன் அவர்களே! ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் செங்கல்வராயன், உங்கள் அனைவரையும் இரு கரம் குவித்து வணங்குகிறேன்.

இணையத் தாக்குதலிலிருந்து நம் சங்கத்தின் இணையதளத்தைக் காப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோபத்தில் கொடுத்த தலைப்பா, கருணையில் கொடுத்த தலைப்பா, எனக்குத் தெரியவில்லை. குழம்பித்தான் வந்தேன். குழம்பித்தான் நிற்கிறேன்.

நம் இணையதளம் எங்கே இருக்கிறது? கிளவுடில் இருக்கிறது. கிளவுடு எங்கே இருக்கிறது? அதை அமைத்துத் தந்த தங்கை அஸ்வினியிடம் கேட்டேன். எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் நாம் வாடகைக்கு இடம் எடுத்திருக்கிறோம் என்றார். அப்படியானால் காவல் யார் பொறுப்பு? கட்டடத்துக்கு அவர்கள் பொறுப்பாம், நம் கதவுக்கு நாம் பொறுப்பாம். பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, அன்று நானும் சிரித்தேன்.

அந்தத் தளத்தில் இருப்பது என்ன? நம்மை வேலைக்கு ஏற்றி வரும் நாற்பது வண்டிகளின் பட்டியல். யாருக்கு எந்த ஷிப்டு, யாருக்கு எந்த வண்டி, யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார், அவருடைய செல் நம்பர் என்ன, எல்லாம் இருக்கிறது.

நம் ஹெலனை உங்களுக்குத் தெரியும். ஒருவன் விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததால், ஆரணியில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குக் குடிபோனார். புதிய நிறுத்தத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பட்டியலில் மட்டும் பதிந்தார். நம்மை நம்பிப் பதிந்தார்! போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் புதிய நிறுத்தத்தில் அவருக்கு முன்னால் அவன் வந்து நின்றான். அன்று வீட்டுக்குத் திரும்பியவர் பதினோரு நாள் வேலைக்கு வரவில்லை.

கொதித்தேன் தோழர்களே! எவன் உடைத்தான்? எந்த நாட்டான் உடைத்தான்? எதிரியைக் கிழித்தெறிய ஏழு பக்கம் எழுதி வைத்தேன். அஸ்வினியோ கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பெயர் எழுதும் கட்டத்தில் கட்டளை எழுதி உள்ளே இருப்பதைக் கறக்கப் பார்த்திருக்கிறார்கள், வடிகட்டி தடுத்துவிட்டது. ஒரே நிமிடத்தில் ஆயிரமாயிரம் பொய் வருகைகளை அனுப்பி முடக்கப் பார்த்திருக்கிறார்கள், அதையும் தடுப்பு தாங்கிவிட்டது. வடிகட்டியும் தோற்கவில்லை, தடுப்பும் தோற்கவில்லை. பிறகு அவன் எப்படித்தான் நுழைந்தான்?

"யாரும் உடைக்கலண்ணா. சரியான பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ள வந்துகிறான்."

பாஸ்வேர்டு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா, மோசஸ் அண்ணன்? சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் ஏழு பக்கத்தையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நம் கொடிக்கம்பம். அதன் அடியில் நம் கரும்பலகை. ரத்தம் வேண்டுமென்றால் அதில் எழுதுவோம். இறப்புச் செய்தியை அதில் எழுதுவோம். ஷிப்டு மாறினால் அதில் எழுதுவோம். ஒளிவு மறைவு இல்லாத சங்கம் என்று மார்தட்டினோமே, அந்தப் பெருமையெல்லாம் அந்தப் பலகையில்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுக்கலாம், செல்போனுக்கு ஓடிபி வருகிற மாதிரியும் செய்யலாம் என்று அஸ்வினி அன்றே சொன்னார். சங்கத்துக்குள் ரகசியமா என்று நான் சீறினேன். நாற்பது பொறுப்பாளர்களும் மறந்துவிடக் கூடாது என்று, அந்த ஒரே பாஸ்வேர்டைக் கரும்பலகையில் எழுதினேன். கொட்டை எழுத்தில் எழுதினேன். என் கையால் எழுதினேன்! பேருந்துக்கு நின்ற ஊரே படித்தது. அவனும் படித்தான்.

இப்போது சொல்லுங்கள், எதிரி யார்? அவன் எதிரிதான், போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். ஆனால் அவனுக்குக் கதவைத் திறந்து வைத்தவன் யார்? வெட்கமாக இருக்கிறது. ஒளிக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று இருபது ஆண்டு இதே மேடையில் முழங்கியவன் நான். ஒரு பெண்ணின் நிறுத்தத்தை ஒளித்து வைப்பதும் நேர்மைதான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே!

நேற்று பலகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இன்று முதல் ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு, அதற்கு மேல் ஓடிபி. தன் வண்டியின் பட்டியலைத் தவிர வேறு பட்டியலை யாரும் பார்க்க முடியாது. செயலாளரும் பார்க்க முடியாது. என் பெயரை முதலில் நீக்கச் சொன்னேன், நீக்கிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டு, தோழி மெர்சி மூலம் ஹெலனுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது.

"நான் வரேன். ஆனா நான் எங்க ஏறுறேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. உனுக்கும்தாண்ணா."

இன்று காலை ஹெலன் வேலைக்கு வந்தார். கைதட்டுங்கள், அவருக்காகத் தட்டுங்கள்! எந்த வண்டியில் வந்தார், எந்த நிறுத்தத்தில் ஏறினார் என்று மோசஸ் அண்ணன் கேட்க வாயெடுக்கிறார். எனக்குத் தெரியாது அண்ணன். நான் கேட்கவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என் பிழையைப் பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.