இரண்டாவது சத்தம்

முதல் சத்தம். தடித்த சத்தம். காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வருகிறது. கையிலிருந்த வாளியை எறிகிறேன். குப்புற விழுகிறேன். இரண்டு கையும் காதில். வாய் திறந்திருக்கிறது. வாயை மூடியிருந்தால் செவிப்பறை கிழியும். வன்னியில் கற்றது.

ஆனால் இது வன்னி இல்லை. பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கடைசி லயம். வரிசையாய்ப் பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். விடிந்து கொஞ்ச நேரம்தான். மழை பிடித்து மூன்றாம் நாள்.

என் மனைவி ஞானம்மா என்னைவிடச் சுறுசுறுப்பு. அவளுக்குக் குழியே கிடைத்துவிட்டது. தேயிலைக்குள் மழைத்தண்ணீர் இறங்க வெட்டிய வாய்க்கால். கான் என்போம். இடுப்பளவு ஆழம். மூன்று நாளாய் இரைந்து ஓடிய கானில் அன்று காலை தண்ணீர் இல்லை. மழை நிற்கவில்லை. கான் நின்றது. அதைப் பார்க்கத்தான் இருவரும் லயத்துக்குப் பின்னால் போனோம். எனக்கு எல்லாவற்றுக்கும் கவலை. கூரை ஒழுகும் இடம் ஒன்பது, வாளி ஐந்து, சட்டி இரண்டு, அப்படியானால் இரண்டு இடத்துக்கு என்ன செய்வது என்று முந்தின நாள் முழுக்கப் புலம்பினேன். "எண்ணி முடிச்சாச்சுனா வந்து சாப்பிடுங்க" என்றாள். அது வியாழன்.

"எந்திரிங்க வாத்தியாரே! மலை எறங்குது! ஓடுங்க!"

பக்கத்துக் காம்பரா ராமாயி. கொழுந்து பறிக்கிறவள். இந்த மலையிலேயே பிறந்தவள். தன் பிள்ளைகளைப் பாதைக்கு விரட்டிவிட்டுத் திரும்பி ஓடிவருகிறாள். என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுக்கிறாள்.

"படுக்குற எடமாய்யா இது? எந்திரிங்க!"

கானிலிருந்து ஞானம்மாவின் தலை உயர்கிறது. ராமாயியை அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்க்கிறாள். உள்ளங்கையை நிலத்தை நோக்கி அமர்த்திக் காட்டுகிறாள். படு, படு என்று.

"எந்திரிக்காதீங்க! ரெண்டாவது வரல! இன்னும் ரெண்டாவது வரல!"

அறியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு, ஒற்றையாக வராது. ஒன்று விழும். கொஞ்சம் பொறுத்து, விழுந்தவர்களைத் தூக்க ஆட்கள் எழுந்தபின், இன்னொன்று விழும். ஆகவே இரண்டாவது விழும்வரை எழக்கூடாது. முதல் ஷெல்லில் தப்பியவர்களை இரண்டாவதில் புதைத்திருக்கிறோம்.

நாங்கள் இந்தத் தோட்டத்து ஆட்கள்தான். ஒரு கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். வடக்கே வன்னிக்குப் போனோம். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். போர் அங்கேயும் வந்தது. கடைசி மாதங்களில் பதினோரு இடம் மாறினோம். பதினோராவது இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தறப்பாள் கூரை கட்டிய கொட்டிலில் பூசை. பாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார். முதல் சத்தம். எல்லாரும் விழுந்தோம். பாதர் அப்பத்தோடு விழுந்தார். முன்னால் ஒரு குழந்தை மட்டும் நின்று அழுதது. என் மகள் ரோசலின் எழுந்தாள். பதினேழு வயது. குழந்தையைப் பிடித்துக் கீழே தள்ளினாள். அவள் விழவில்லை. இரண்டாவது வந்தது.

அந்தக் குழந்தை பிழைத்தது. அதையும் எழுத வேண்டும்.

ஞானம்மாவுக்குக் கட்டளை பத்தல்ல, பதினொன்று. பதினோராவது: இரண்டாவது விழும்வரை எழாதே. போர் முடிந்து, முகாமிலிருந்து விடுபட்டு, இந்த லயத்துக்குத் திரும்பி வந்து பதினாறு வருடமாகியும் அந்தக் கட்டளை நீங்கவில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு லொறியின் டயர் வெடித்தது. சனத்துக்கு நடுவே படுத்துவிட்டாள். சிரித்தார்கள். எழவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடி கொளுத்தினால் கட்டிலுக்கு அடியில். ராமாயி வாசலில் வந்து நின்று கூப்பிடுவாள்: "யக்கா, ரெண்டாவதும் வெடிச்சாச்சு. மூணாவதுக்கு நான் கேரண்டி. வெளிய வந்து முறுக்கு தின்னுங்க." ஞானம்மா சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். ஆனால் வெடி இரண்டு வெடித்த பிறகுதான் வருவாள்.

ராமாயி என்னை இழுக்கிறாள். நான் எழவில்லை. உண்மையில் என் உடம்பும் ஞானம்மா பக்கம்தான். ராமாயி என் முதுகில் ஓங்கி ஒரு அறை விடுகிறாள். எழுகிறேன். கான் பக்கம் திரும்புகிறேன். பத்து எட்டுத் தூரம் இருக்கும். "ஞானம்! வெளிய வா! ஷெல் இல்லடி! மலை!" என்று கத்துகிறேன். அவள் தலை உள்ளே போய்விட்டது. காதைப் பொத்தியவளுக்கு எது கேட்கும்?

இரண்டாவது வந்தது.

அது வெடிக்கவில்லை. உறுமியது. தேயிலைச் செடிகள் நின்றபடியே நடந்து வந்தன. மரம் ஒன்று நின்றபடியே வந்தது. பிறகு கான் இருந்த இடம் இல்லை.

எதிர் மேட்டில் எங்கள் கோயில். செபமாலை மாதாவின் சிற்றாலயம். அங்கே மணி இல்லை. கொய்யா மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்குகிறது. உபதேசியார் சூசை இரும்பு ஆணியால் அதை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். கணகணவென்று. சைவமா, கிறிஸ்தவ வேதமா என்று பார்க்காமல் எல்லாரும் அங்கே ஓடினோம். மாலைக்குள் நாற்பத்தொரு பேர். கரண்ட் இல்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் கால வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற வேண்டியவை. முதல் ஞாயிறுகூட வரவில்லை. சூசை நான்கையும் ஏற்றினார். "பாதர் ஏசினா ஏசட்டும். சாமிக்கும் இருட்டுல பயமா இருக்காதா?" என்றார். எவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பாதை திறந்தது. இராணுவம் வந்தது. பச்சை உடுப்பு. பன்னிரண்டு பேர். பதினாறு வருடத்துக்கு முன்னால் அந்த உடுப்பின் முன் கையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். இப்போது இடத்தைக் காட்டியது நான்தான். மண்வெட்டியால் தோண்டினார்கள். ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார்கள்.

அவள் குப்புறக் கிடந்தாள். இரண்டு கையும் காதில். முழங்கை மடங்கிய விதம்கூடச் சரி. வாய் திறந்திருந்தது. வாய் நிறைய மண்.

ஒரு சிப்பாய், இருபது வயது இருக்கலாம், தன் தண்ணீர் போத்தலால் அவள் முகத்தைக் கழுவினான். வாயிலிருந்த மண்ணை விரலால் எடுத்தான். மீதித் தண்ணீரை என்னிடம் நீட்டினான். வாங்கிக் குடித்தேன். அடக்கத்துக்கு வந்த இந்தக் கோயில் பாதர், மனசுல இருந்த பழைய கசப்பு கொஞ்சம் இறங்கினதா என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். இன்றும் தெரியாது. தண்ணீரைக் குடித்தேன். அதுதான் நடந்தது.

ராமாயிக்குத்தான் விளங்கவில்லை. நாலு நாளாய்க் கேட்டுக்கொண்டே இருந்தாள். "மலை வந்தா ஓடணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே வாத்தியாரே. அந்தக்கா ஏன் போய்ப் படுத்தாங்க?"

இனி நான் கோயிலில் ஒன்று கேட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். வன்னியிலிருந்து திரும்பிய குடும்பங்கள் தொடங்கியது. மாதத்தில் முதல் பூசையில், போரில் செத்தவர்களின் பெயரைப் பாதர் வாசிப்பார். ஒரு பெயருக்கு ஒரு அடி, தண்டவாளத்தில். சனம் எழுந்து நிற்கும். ஆறு பெயர். மூன்றாவது ரோசலின். நான் ஏழாவது பெயரைச் சேர்க்கச் சொன்னேன்.

சூசை தலையைச் சொறிந்தார். "மண்ணுல செத்தவங்க நம்ம லயத்துலயே இன்னும் நாலு பேரு இருக்காங்க வாத்தியாரே. அவங்க வீட்டாளுக என்ன நெனப்பாங்க? அக்காவுக்கு மட்டும் தனியா இரும்ப அடிச்சா?"

நியாயமான கேள்வி. பாதரும் அதையே கேட்டார். இளவயதுக்காரர், பதுளை டவுனில் வளர்ந்தவர். "ஐயா, போர் முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு. அம்மாவை எடுத்தது மலைதானே? மலையில போன எல்லாருக்கும் சேர்த்து ஒரு திருப்பலி வைக்கிறேன்."

"அவங்க நாலு பேரும் ஓடினாங்க பாதர்" என்றேன். "ஓடினவங்கள மலை எடுத்துச்சு. இவ ஓடல. ஓட விடாம ஒண்ணு அவளப் பிடிச்சு வச்சிருந்துச்சு. அது மலை இல்ல."

ராமாயி வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தை மாதத்து முதல் பூசை. கோயிலுக்குள்தான் இன்னும் குடியிருக்கிறோம். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டுப் பூசைக்கு நிற்கிறோம். பாய் பத்தொன்பது. பாதர் பெயர்களை வாசிக்கிறார். ஒன்று. இரும்பு ஒலிக்கிறது. இரண்டு. மூன்று, ரோசலின். நான்கு. ஐந்து. ஆறு. பாதர் நிறுத்துகிறார். என்னைப் பார்க்கவில்லை. கையில் தாள் இல்லை.

"ஞானம்மா" என்கிறார்.

வெளியே சூசை அடிக்கிறார். ஒற்றை அடி.

நான் தரையில் கிடக்கிறேன். எப்போது விழுந்தேன் என்று தெரியவில்லை. கை காதில். வாய் திறந்திருக்கிறது. கோயில் முழுக்க நிற்கிறது. நான் மட்டும் கிடக்கிறேன். பக்கத்தில் வெறுங்கால் இரண்டு. ராமாயி. வேதக்காரி இல்லை, ஆனாலும் அன்றைக்கு உள்ளே வந்துவிட்டாள். குந்துகிறாள். என் காதிலிருந்து ஒரு கையை எடுக்கிறாள்.

"எந்திரிங்க வாத்தியாரே."

"ரெண்டாவது வரல."

"வராது. எந்திரிங்க."

எழுந்தேன். அதன்பிறகு மலையில் போன நான்கு பேரின் பெயரையும் பாதர் வாசித்தார். அவர்களுக்கும் இரும்பு ஒலித்தது. சூசை யாரையும் கேட்காமல் அடித்தார்.

போனதை எண்ணிச் சொல்லிவிடுகிறேன். மறக்கக் கூடாது.

பத்துக் காம்பராவில் ஆறு. ஞானம்மாவின் தையல் மெஷின். ரோசலினின் ஒரே படம். ராமாயியின் இரண்டு ஆடு. வாளி ஐந்து, சட்டி இரண்டு. மலை எடுத்த ஆட்கள் நான்கு பேர்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். போர் எடுத்தது இரண்டு. மீதி ஒன்று.