தங்கச்சிக்கு ஒரே ஒரு கோடு

ஹலோ… ஆமாக்கா, நான்தான்… ஆமா, ஆமா, முடிச்சுட்டேன். உன் தொகுப்புல இருக்கிற கதை அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. நாளைக்கு உன் புஸ்தக விழாவுல திரையில போட படம் ரெடி…

என்னது?… அட, ரொம்ப சிம்பிள்க்கா. ஒரு ஆளுக்கு ஒரு வட்டம். ரெண்டு பேர் பேசிக்கிட்டா நடுவுல ஒரு கோடு. அடிக்கடி பேசினா கோடு தடிக்கும். நிறைய பேரோட பேசுற ஆளுக்கு வட்டம் பெருசாகும்… ஆமா, ஆமா, காலேஜ்ல நான் நடத்துறதே இதைத்தானே…

யாரு பெருசா?… "நான்"தான். எல்லாக் கதையிலயும் வர்ற அந்த மூத்த பொண்ணு. அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவுல கோடு கயிறு மாதிரி கிடக்கு… சிரிக்காத… அக்கா, சிரிக்காதன்னு சொன்னேன்.

…கோபமா? எனக்கென்ன கோபம்…

சரி, கேக்குற, சொல்லிடுறேன். தங்கச்சிக்கு எத்தனை கோடு தெரியுமா?… ஒண்ணு… அம்மாவோட இல்ல. டாக்ஸிக்காரரோட. அம்மா இறந்து போன அன்னிக்கு வந்து இறங்கி, "வெயிட்டிங்ல இருங்க, சாயங்காலம் ஃப்ளைட்டு"ன்னு சொல்றா பாரு, அவ்வளவுதான்… அன்னிக்கு டாக்ஸியை வாசல்ல நிறுத்தி வச்சது யாருக்கா? நீயா, நானா?

கதைதான்… ஆமா, ஆமா, கதைதான். யாரை வேணும்னாலும் மாத்தலாம், அதையும் நான்தான் பாடம் எடுக்குறேன்… இரு, பேச விடு. நான் அம்மாவைப் புரட்டிப் படுக்க வச்சது, துணி மாத்தினது, எல்லாத்தையும் நீ எடுத்துக்கிட்டே. போகட்டும். "நர்ஸம்மா, என் சின்னப் பொண்ணு எப்ப வருவா?"ன்னு என்னை அடையாளம் தெரியாம என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்டயே கேட்டாங்களே… அதை என் வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொன்னதில்ல. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு உனக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னேன். நீயும் சேர்ந்துதானே அழுதே?… அதைப் போய் "மூத்த பொண்ணு எப்ப வருவா"ன்னு மாத்திப் போட்டிருக்கியே…

இல்ல, கத்தல…

ம்… ம்… வர முடியலையேன்னு உனக்கு உறுத்துச்சு… சரி. கூட இருந்த மாதிரி எழுதிப் பாத்தே… எழுதினதும் இருந்த மாதிரி ஆயிடுச்சா உனக்கு?… ஆயிடுச்சா. நல்லதுக்கா. நான் இருந்தது இல்லாமப் போச்சே… என் பொண்ணு உன் புஸ்தகத்தைப் படிச்சுட்டு கேக்குறா, "பாட்டியைப் பெரியம்மாதான் பாத்துக்கிட்டாங்களாம்மா?"ன்னு. அப்ப அவ கைக்குழந்தை, அவளுக்கு என்ன தெரியும்?… என்ன சொன்னேனா? சாப்பிட வான்னு கூப்பிட்டேன்.

நாளைக்கு நான் வரல. படத்தை மெயில்ல அனுப்பிட்டேன், நீயே காட்டு… மேடையில என்ன சொல்றதா? உனக்கா சொல்லத் தெரியாது…

ஹலோ… ம், இருக்கேன்… என்ன?… என் ஸ்கேனா?… ஆமா, ரிசல்ட் காலையிலயே வந்துடுச்சு…

…டாக்டரா?… அழாதக்கா… டாக்டர் என்ன சொன்னாருன்னு… அதை இனிமே உன்கிட்ட நான் எப்படிக்கா சொல்வேன்?… வச்சிடுறேன்.