நிரை திரும்பும் கால்கள்

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், மலேசியாவில் செமோரிலிருந்து ஈப்போ போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள், மடியில் ஆளுக்கொரு சாக்குப் பை. பைகளில் புதிதாகத் தோள்வார் தைத்திருந்தது.

“ரெண்டு நாள் காட்டுல நடந்து, பொறப்பட்ட தேத்தண்ணிக் கடைக்கே வந்து நின்னோம் லா!” என்றான் சுருட்டை முடிக்காரன். பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

“மெதுவா பேசு மச்சான்,” என்றான் நெட்டையன். “தாப்பாவுல இருந்து காட்டு வழியாவே கேமரன் மலைக்கு ஏறிடுவோம்னு எஸ்டேட் முழுக்க சொல்லி வச்சிருக்கோம்.”

“நீதானே முன்னால போன?”

“நம்மளது ரப்பர் பால்மரம் சீவுற காலு மச்சான். ஒரு நெரை முடிஞ்சா அடுத்த நெரையில திரும்பி வந்தே பழகிருச்சு. காட்டுலயும் ஆத்தங்கரை வந்ததும், நெரை முடிஞ்சதுன்னு தன்னால திரும்பிருச்சு.”

“இந்த சனிக்கெழம நான் முன்னால. திரும்பவே மாட்டேன், நேரா மேலதான்! அட்டை கடிக்காம இருக்கப் பொயல ஊறப் போட்டாச்சு, நெத்திலி வறுத்தாச்சு. காலுக்குப் போட சப்பாத்து மட்டும்தான் பாக்கி.”

“உச்சியில நின்னு ஒரு கத்து கத்தணும் மச்சான், எஸ்டேட்டுக்கே கேக்கணும்!”

ஈப்போ பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கினோம். சப்பாத்துக் கடை தேடி, சுருட்டை முடிக்காரன் முன்னால் விறுவிறுவென்று நடந்தான். கடை வரிசை முடிந்தது. சாலை நேராகத்தான் போனது. அவனோ சட்டென்று எதிர்வரிசைக்குத் தாண்டி, ஒவ்வொரு கடையாகப் பார்த்தபடி, பஸ் நிலையத்தை நோக்கியே திரும்பி வந்துகொண்டிருந்தான்.