நாலு மாடி ஏறணும்

நைலா: எவ்வளவு நேரம்டி வாசல்லயே உட்கார்ந்திருப்ப, ரூலா? மேல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.

ரூலா: லிஃப்ட் ஓடட்டும், வரேன்.

நைலா: எப்பவும் கரண்ட் இல்லாத பெய்ரூட்ல பொறந்துட்டு லிஃப்ட் ஓடட்டுங்கறியே! ஜெனரேட்டர்காரன் ஆறு மணிக்குத்தான் போடுவான்.

ரூலா: அப்ப ஆறு மணிக்கு வரேன்.

நைலா: அஞ்சரைக்குக் கை தூக்கி முடிவு பண்ணிடுவாங்க. வெள்ளிக்கிழமை பேரணில சக்கர நாற்காலிக்காரங்க முன்வரிசையா, இல்ல ஆம்புலன்ஸ் பக்கத்துல ஓரமா... நீ இல்லாம யாருடி பேசுவா?

ரூலா: ஃபோன்ல பேசறேன்.

நைலா: கிழிச்ச! போன வாரம் நீ ஃபோன்ல பேசப் பேச, ஒருத்தன் அதுமேலயே காபித் தட்டை வெச்சுட்டான்.

ரூலா: அடப்பாவிங்களா! அதான் கடைசில ஒரே கரகரன்னு கேட்டுச்சா?

நைலா: சிரிக்காத, வா. நாலு மாடிதானே... பசங்க உன்னைக் கல்யாணப் பொண்ணு மாதிரி தூக்கிட்டுப் போவாங்க.

ரூலா: வேண்டாம்.

நைலா: என்ன, வெட்கமா?

ரூலா: வேண்டாம்னா விடேன்டி.

நைலா: போன மாசம் மட்டும் பேரணி நடத்தற நம்ம கஸ்ஸான் தூக்கிட்டு வந்தான், அப்ப...

ரூலா: அவன் பேரை எடுக்காத!

நைலா: ...ரூலா?

ரூலா: படி குறுகல்னு நாற்காலியைத் தனியா அனுப்பிட்டு, என்னை அவனே தூக்கினான். ரெண்டாவது மாடி தாண்டினதும் அவன் கை... நழுவுதுன்னு நெனச்சேன். மூணாவது மாடில புரிஞ்சுபோச்சு.

நைலா: ஐயோ... நீ கத்தலியா?

ரூலா: கத்தினா கீழ போட்டுருவானோன்னு பயம். மேல இறக்கிவிட்டதும் எல்லாரும் கை தட்டினீங்க. நானும் சிரிச்சேன். அவனுக்கு நன்றி வேற சொன்னேன், நைலா! நெனச்சா உடம்பெல்லாம் கூசுது.

நைலா: இத்தனை நாள் ஏன்டி சொல்லல?

ரூலா: யார் நம்புவா? மைக் பிடிச்சா ஊரே அவன் பின்னால போகுது. உதவி செஞ்சவன் மேலயே பழியான்னு கேப்பாங்க. பாரு, நீயே முகத்தைத் திருப்பிக்கற. நீயும் நம்பலேல்ல?

நைலா: நம்பறேன்டி... போன வருஷம் கால்ல மாவுக்கட்டோட வந்தேனே, என்னையும் அவன்தான் மேல தூக்கிட்டுப் போனான். தெரியாம பட்டிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். போன மாசம் அவன் உன்னைத் தூக்கினப்போ பக்கத்துலயேதான் நின்னேன், அப்பவும் வாய் திறக்கல. என்னைத் திட்டணும்னா அப்புறம் திட்டு. இப்ப மேல போய்க் கூட்டத்தையே கீழ இறக்கிட்டு வரேன், முதல்ல நான் பேசறேன்.