ஒரிஜினல் ஃபைல்

போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், மேடம். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சும்மா அனுப்பினால் அது படத்தை நசுக்கி, முடியும் புருவமும் ஒன்றாகக் குழைந்துபோன மாதிரி ஆக்கிவிடும். எங்கள் போட்டோ குரூப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒருத்தனும் காதில் வாங்க மாட்டான். கேமராவைப் பார்த்துப் பார்த்து வாங்குவான், அனுப்பும்போது கோட்டை விட்டுவிடுவான்.

என் தங்கை கீர்த்திக்கும் அதைத்தான் சொன்னேன். அதைப் போய் சதி என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். பெருநகர் கிராமத்தில் பயிர் வைக்கிறவன் நான், மிச்ச நேரத்தில் படம் எடுப்பேன். உத்திரமேரூர்க் கல்வெட்டில் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் எழுந்து நிற்கும். அந்த வெயிலுக்காக பதினோரு நாள் காத்திருந்தேன். அவ்வளவு பொறுமைசாலி அரிவாளைத் தூக்குவானா? அஜயை வெட்டியது தாண்டவராயன் மாமா. அப்பா போன பிறகு எங்களை வளர்த்தவர். அவரே ஒத்துக்கொண்டுவிட்டார், என்னை ஏன் குடைகிறீர்கள்?

கீர்த்தி பன்னிரண்டு வயதிலிருந்து என் லென்ஸுக்கு முன்னால் வளர்ந்தவள். எந்தப் பக்கம் திரும்பினால் எடுப்பாக இருப்பாள் என்று அவளைவிட எனக்குத்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சம், எதிரே ஒரு தெர்மாகோல் அட்டை, போதும். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பிய படமும் நான் எடுத்ததுதான். செய்யாற்றிலிருந்து நல்ல இடம் வந்தது. அவளோ எங்கள் நிலத்தில் அறுப்பு மெஷின் ஓட்ட வந்த அஜயோடு போய்விட்டாள். ஏரிக்கரைக் குடியிருப்புப் பையன். அவனுடைய அம்மா கங்கம்மாள் இன்றைக்கும் எங்கள் வாசலுக்கு வெளியே நின்றுதான் கூலி வாங்குவாள். எனக்கு அவன்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. தன் இடம் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம், அவ்வளவுதான்.

நான்கு மாதம் சத்தமே இல்லை. பிறகு புது நம்பரிலிருந்து ஒரு படமும் வாய்ஸ் மெசேஜும் வந்தன.

"அண்ணா, நான்தான். கோச்சிக்கினு கீறியா? கல்யாணத்தன்னிக்கி எங்க வூட்டு வாசல்ல எடுத்தது. பின்னாடி துணி காயுது பாரு, அத்த மட்டும் எடுத்துட்டு நல்லா பண்ணிக் குடுண்ணா. அவரு கலர மட்டும் மாத்தாத, அப்பிடியே வுடு."

படம் படுமட்டம். உச்சி வெயிலில் நிற்க வைத்து எவனோ போனில் எடுத்திருக்கிறான், கண் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் குழி. ஆனால் கீர்த்தி சிரித்திருந்தாள். பத்து வருஷம் அவளைப் படம் எடுத்திருக்கிறேன், எனக்கு ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

"படம் நசுங்கிப் போயி வந்துகீது. ஒரிஜினல் ஃபைல டாக்குமென்ட்டா அனுப்பு, சூப்பரா பண்ணிடலாம்" என்றேன். நீ எங்கே இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் ஃபைலில் படம் மட்டும் இருக்காது. எடுத்த நேரம், ஷட்டர் வேகம் எல்லாம் உள்ளே பதிந்திருக்கும். போனில் லொகேஷன் போட்டு வைத்திருந்தால் எடுத்த இடமும் இருக்கும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதையெல்லாம் கழற்றிவிடும், டாக்குமென்ட்டில் கழற்றாது. இது எனக்கு முன்பே தெரியுமா என்கிறீர்கள். தெரியாமல் என்ன? பறவைக் கூட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர்களிடம் இடத்தை அழித்துவிட்டுப் போடச் சொல்லி சண்டை பிடிக்கிறவனே நான்தான். இல்லையென்றால் குஞ்சைத் தூக்க ஆள் வந்துவிடும்.

அவள் அனுப்பிய ஃபைல் ஓசூர் என்று காட்டியது. சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன்.

"இன்னாடா சொல்ற, வூடே தெரியுதா?"

"தெரு தெரியுது மாமா."

அப்போதே வண்டியை எடு என்று குதித்தார். படம் முடியட்டும் என்று நான்தான் மூன்று நாள் நிறுத்தி வைத்தேன். காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்துவிட்டுச் சுவரை நிரப்பினேன். கண்ணில் விழுந்த நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். அஜயின் நிறத்தில் கை வைக்கவே இல்லை. அவள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா, அவருடைய ஆட்கள் இரண்டு பேர், நான். போன் காட்டுகிற இடம் பத்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அங்கே வரிசையாகப் பன்னிரண்டு லைன் வீடுகள், பன்னிரண்டுக்கும் ஒரே நீலக் கதவு. படத்தை எவ்வளவு பெரிதாக்கியும் பிரயோஜனம் இல்லை. "எந்த வூடுடா?" என்று மாமா பல்லைக் கடித்தார். தப்பான கதவைத் தட்டினால் சத்தம் கேட்டே இரண்டு பேரும் ஓடியிருப்பார்கள்.

அவர்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். நடுவில் போய் நின்று, "கீர்த்தி, அண்ணன் வந்துகீறேன்" என்று கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை.

நான்காவது கதவு திறந்தது. "படம் எடுத்துக்கினு வந்தியாண்ணா?" என்று ஓடி வந்தாள். பின்னாலேயே அஜய் கைலியோடு வந்து, "வாங்கண்ணா, உள்ள வந்து குந்துங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்தான்.

நான் ஆசை காட்டி மோசம் செய்தேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது மட்டும் அபாண்டம், மேடம். என் கையில் பிரிண்ட் இருந்தது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு, மேட் பேப்பர், லேமினேஷன் போட்டது. அதை அவள் கையில் கொடுத்து, அவள் பிரித்துப் பார்த்து, நல்லா கீதுண்ணா என்று சொன்ன பிறகுதான் மாமாவைப் பார்த்துத் தலையசைத்தேன்.