சுளுக்கிய கால்

வெளியூரில் வேலை பார்க்கும் என் மகளுக்குக் காய்ச்சல். கவனிக்க அங்கே யாருமில்லை. நேற்றிரவு போனில் அழுதாள். கும்மிடிப்பூண்டியில் காலை ரயில் ஏறினேன். எதிரே நைட் ஷிஃப்ட் முடித்த இரண்டு பெண்கள். இளையவள் ஆரம்பித்தாள்.

"நேத்து கோயில்ல ஃபாதர் காலு கழுவ தண்ணிய வெச்சிகினு முட்டி போட்டுகினு கீறாரு, உன் கால காணோமேக்கா! பெரிய வியாழன் பூசைய வுட்டுட்டு எங்க போன?"

"ஆஸ்பத்திரிக்கு. கம்பெனில நம்ம லைன்ல வேல செய்யுதே அந்த ஒடிசா பொண்ணு, ரெண்டு கையும் வெந்துபோச்சே. சோறு ஊட்டி, காலு கழுவி, தல பின்னி வுட்டேன்."

"ஃபாதர் பொம்பளைங்க காலையும் கழுவறது இந்த வருசந்தான் மொத தபா. அந்த பன்னெண்டு பேருல உன் பேரு வந்துச்சுன்னு எம்மாம் குஷியா இருந்த!"

"அதுக்கின்னா இப்ப? அது அம்மா வந்து சேர்ற வரைக்கும் யாரு பாக்கறது?"

"இன்னிக்கு கோயில்ல இத சொல்லட்டா?"

"சொன்ன, ஒதப்பேன். ஃபாதர் கேட்டா காலு சுளுக்கிகிச்சுன்னு சொல்லு."

பொன்னேரியில் அந்த அக்கா இறங்கினாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கவிடும் நேரம் தவறிவிடக்கூடாதென்று, பிளாட்பாரத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடின அந்தச் சுளுக்கிய கால்கள்.